உதைபந்தாட்டச் செய்தியிலிருந்து நூலுக்கு: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உவர்மலை): அண்ணா, பத்து வருசமா பத்திரிகைக்கு மாட்ச் செய்தி எழுதுறன். 400 துண்டுக்கு மேல இருக்கு. தொகுத்தா புத்தகம் ஆகுமா?

பதில்: தொகுத்தால் கட்டுத்தான் ஆகும், தம்பி. செய்தி முடிவைச் சொல்லித் தொடங்கும். நூலைத் திறப்பவருக்கு முடிவு ஏற்கெனவே தெரியும். 1995 இல் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என வென்றது. அதை இன்று எழுதினால், அந்தக் கோல் மேலதிக நேரத்தில் விழுந்த தங்கக் கோல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விழுந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துவிடும், திருப்பிப் போட நேரமில்லை. 20 வயது வாசகருக்கு இந்த விதி இருந்ததே தெரியாது. அதை முதலில் விளக்காவிட்டால் அந்த ஆட்டத்தின் பதற்றம் அவருக்குப் பிடிபடாது.

செய்யவேண்டியது இதுதான். 400 செய்தியையும் ஒரு எக்செல் அட்டவணையில் ஏற்றுங்கள்: திகதி, மைதானம், அணிகள், இடைவேளை நிலை, முடிவு, கோல் போட்டவர், நிமிடம், மத்தியஸ்தர், தகவல் கிடைத்த இடம். கடைசியாக இன்னொரு நிரல் வையுங்கள்: ‘குறிப்பேட்டில் இருந்தது, செய்தியில் போகாதது’. மழைக்குப் பிறகு ஏகாம்பரம் மைதானத்தில் பந்து எந்தப் பக்கம் நின்று போனது, பெனால்டி அடிக்க முதலில் யார் மறுத்தார் என்பதெல்லாம் அங்கே வரும். அந்த நிரல் நிரம்பிய ஆட்டங்கள் முப்பது தேறினால் நூலுக்கு ஆள் நீங்கள். மற்றவை பின்னிணைப்பில் ஒரு வரியாகப் போகட்டும்.

கேள்வி (கிண்ணியா): சேர், எங்கட கழகங்கள்ட வரலாறு எழுத ஆசை. பதிவுப் புத்தகங்கள் யுத்தத்திலயும் சுனாமியிலயும் போயிட்டு. எங்க தேடுற?

பதில்: முதலில் கேடயங்களின் அடிப்பலகையைப் பாருங்கள். சின்னத் தகடுகளில் வருடமும் வென்ற கழகமும் பொறித்திருக்கும். ஆனால் தகட்டில் இருப்பது பருவத்தின் வருடம். 1987 பருவத்தின் இறுதியாட்டம் 1988 தை மாதத்தில் நடந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். அடுத்தது பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில், பள்ளிவாசல் விழா மலர்களில் வந்த கழக விளம்பரங்கள். ‘நூலகம்’ என்ற பெயருடைய இணைய நூலகத்தில் பழைய மலர்களும் பத்திரிகைகளும் நிறைய உண்டு. 1930 இல் தொடங்கிய வீரகேசரி போன்றவற்றின் பழைய இதழ்களுக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தைத்தான் நாட வேண்டும். மைதானக் காணி, பார்வையாளர் அரங்கு பற்றிய தாள்கள் உள்ளூராட்சிச் சபையில் இருக்கும். 2016 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்.

பழைய வீரர்களிடம் “எந்த வருசம்?” என்று கேட்கவேண்டாம், பிழைதான் வரும். அணிப் படத்தைக் கையில் கொடுத்து, “64 சூறாவளிக்கு முந்தியா பிந்தியா? உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிருந்ததா?” என்று கேளுங்கள். இரண்டு சாட்சி வேண்டும். ஒரே தேநீர்க்கடையில் நாற்பது வருசம் ஒரே கதையைச் சேர்ந்து சொன்ன இருவர் ஒரு சாட்சிதான்.

கேள்வி (நிலாவெளி): உலகக் கிண்ணம் பற்றி எழுதுறன். ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு எண் கிடக்கு. எதை எடுக்கிறது?

பதில்: எண்ணோடு அது எதை எண்ணியது என்பதையும் எழுதுங்கள். 1950 இல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் உருகுவே பிரேசிலை 2–1 என வென்ற ஆட்டத்துக்கு 173,850 என்பது காசு கொடுத்து நுழைந்தவர்களின் கணக்கு. இரண்டு இலட்சம் என்பது உள்ளே இருந்தவர்கள் பற்றிய மதிப்பீடு. இரண்டும் வேறு வேறு கணக்கு. அதை ‘இறுதிப் போட்டி’ என்று எழுதுவதும் தவறு. நான்கு அணிகள் ஆடிய கடைசிச் சுற்றின் கடைசி ஆட்டம் அது, பிரேசிலுக்குச் சமநிலையே போதுமாக இருந்தது.

அதே கிண்ணத்துக்கு இந்தியா போகாததற்கு வெறுங்காலே காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பலர் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 2–1 எனத் தோற்றது உண்மை. 1950 இல் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சொன்ன காரணங்களில் பயிற்சிக்கு நேரமின்மையும் அணித் தெரிவுப் பிரச்சினையும் இருந்தன. சுவையான கதை என்றால் இருமடங்கு சந்தேகப்படுங்கள்.

கேள்வி (மூதூர்): பழைய கட்டுரைகள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில கிடக்கு. யுனிகோடுக்கு மாத்தினா குழம்புது.

பதில்: குழம்புவது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருந்த சொற்கள்தான். மாற்றும் மென்பொருள் அவற்றையும் பாமினி விசையென்றே எடுக்கும். ‘ஃபிஃபா’வை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்திருந்தால் ‘குஐகுயு’ என்று வந்து நிற்கும். மாற்றமுதல் அப்படியான சொற்களைத் தேடித் தமிழில் அடித்துவிடுங்கள். மாற்றியபின் அடைப்புக்குறிகளையும் கோல் எண்ணிக்கைகளையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள், எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் அவற்றைப் பிடிக்காது.

கேள்வி (ஆலையூற்று): படங்கள் அச்சில மங்கலா வருது, ஏன்?

பதில்: வட்ஸ்அப்பில் படமாக வாங்கியிருப்பீர்கள், அது சுருக்கிவிடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சில் 4 அங்குல அகலம் வேண்டுமென்றால் 1200 பிக்சல் தேவை. பத்திரிகையில் வந்த படத்தை ஸ்கேன் செய்தால் புள்ளிகள் அலையலையாகத் தெரியும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, புள்ளி நீக்கி, பிறகு சிறிதாக்குங்கள்.

உரிமை படத்தில் நிற்பவருடையது அல்ல, எடுத்தவருடையது. இலங்கைச் சட்டத்தில் அது எடுத்தவரின் ஆயுளோடும் அதன்பின் 70 வருடங்களோடும் போகும். ஸ்டூடியோ மூடியிருந்தால் பிள்ளைகளிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): கழகக் காசு மோசடியை எழுதினா உள்ளுக்குப் போடுவினமா?

பதில்: குற்றவியல் அவதூறு 2002 இலேயே நீக்கப்பட்டது. நட்டஈட்டு வழக்கு இன்னும் உண்டு. ஆவணம் கையில் இருக்கவேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் பதில் கேட்டு அதையும் அச்சிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பந்தியை வெட்டுங்கள்.

கேள்வி (உவர்மலை): எத்தனை பக்கம்? சொல்லடைவு தேவையா?

பதில்: அச்சகம் 16 பக்கம் ஒரு போமாகக் கணக்குப் பார்க்கும். 160 பக்கம் பத்துப் போம். எழுத்து 163இல் முடிந்தால் மூன்று பக்கத்தைக் குறையுங்கள், இல்லையேல் 13 வெற்றுப் பக்கத்துக்கும் காசு. டெமி என்ற நூல் அளவில் பக்கத்துக்கு 230 சொல் வைத்தால், படமும் பின்னிணைப்பும் போக முப்பதாயிரம் சொல் எழுதவேண்டும்.

சொல்லடைவு, அதாவது பெயர்களும் அவை வரும் பக்க எண்களும் கொண்ட கடைசிப் பட்டியல், கட்டாயம் வேண்டும். ஊர்க் கழகம் பற்றிய நூலில் வாங்குபவர் முதலில் புரட்டுவது அதைத்தான், அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று. பக்க வடிவமைப்பு முடிந்தபிறகே செய்யுங்கள், முன்னரே செய்தால் ஒரு படம் நகர்ந்தாலும் எல்லா எண்ணும் பிழைக்கும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பக்கத்தில் கழகத்தையும் அணியில் ஆடிய இடத்தையும் (கோல் காப்பாளர், முன்வரிசை போல) போடுங்கள்.