கேட்டவையும் பதில்களும்: கச்சான், கடற்காற்று, மாரி

ஆனி, ஆடியில் மலைநாட்டில் மழை கொட்டுகிறது. இங்கே மட்டக்களப்பில் கச்சான் காற்று உடம்பைச் சுடுகிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஏன் இந்த வெக்கை?
(வாசகி, கல்லடி)

கடல் கிழக்கே, காற்று வருவதோ மேற்கிலிருந்து. தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்கே வட்டவளைப் பக்கத்து மலைச்சரிவில் இறக்கிவிட்டுத்தான் நம் பக்கம் வருகிறது. கணக்கைப் பாருங்கள். மேற்குக் கரையில் 28 பாகை செல்சியஸில் புறப்படும் காற்று 500 மீற்றர் ஏறி மேகம் கட்டும்போது 23 பாகை. அதற்குமேல் நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே சேர்வதால் 1000 மீற்றருக்கு 5 பாகை அளவில்தான் குளிர்கிறது. 2000 மீற்றரில் ஏறக்குறைய 15 பாகை. இறங்கும்போது மேகமில்லை, 1000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறும். சமதரைக்கு வந்தால் 35! மலையில் மழை குறைந்தால் இந்த வித்தியாசமும் குறையும்.

தரை சூடானதும் முற்பகலிலேயே கடற்காற்று எழ வேண்டும். கச்சான் பலத்தால் அதைக் கரையிலேயே மறித்துவிடும். பின்னேரம்தான் உள்ளே வரும், சில நாள் வராமலே போகும். தென்னோலை மேற்கே சாயத் தொடங்கினால் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை மேற்கு யன்னல்களைச் சாத்தி வையுங்கள். பிறகு கிழக்கை அகலத் திறந்து, மேற்கில் ஒன்றையாவது திறவுங்கள். வெளியேற வழியில்லாவிட்டால் காற்று உள்ளே வராது. கத்தரி, மிளகாய் நாற்றுக்கு மேற்குப் பக்கம் கிடுகு கட்டுங்கள். தண்ணீரை விடியற்காலையில் விடுங்கள்.

எங்களுக்கும் பக்கத்தில் வாவி இருக்கிறதே, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஏன் பகல் வெக்கை கூட?
(வாசகர், வவுணதீவு)

வாவி ஆழமில்லாதது, வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும். கடலைப்போல அதை நம்ப முடியாது. கடற்காற்றும் கடலோரத்து எழுவான்கரையைத் தாண்டி வருவதற்குள் தளர்ந்து சூடேறிவிடுகிறது. அம்பாறைப் பக்கம் இன்னும் மோசம். ஆனால் வானம் தெளிந்த இரவில் உட்பகுதிதான் முதலில் குளிரும்.

மாரி மழையை மாணவர்களைக் கொண்டு அளக்க விரும்புகிறோம். செலவில்லாத வழி?
(ஆசிரியர், களுவாஞ்சிக்குடி)

நேரான பக்கங்கள் கொண்ட 2 லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் போதும். கழுத்துக்குக் கீழே, அகலம் மாறாத இடத்தில் வெட்டி, வெட்டிய மேற்பகுதியை மூடியின்றித் தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருகுங்கள். அடிப்பாகத்தின் மேடுபள்ளத்தைக் கூழாங்கல்லால் நிரப்பி, பக்கம் நேராகும் உயரம்வரை தண்ணீர் விட்டு அங்கே 0 என்று கோடு போடுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் சிறு மழையின் அளவு பிழைக்கிறது. வெயில் நாளில் இந்தக் கோடு இறங்கும், மழைக்கு முன் சரிபார்க்க வேண்டும். வாய் அகலமும் உடல் அகலமும் ஒன்றாக இருந்தால் மில்லிமீற்றர் அடிமட்டத்தாலேயே வாசிக்கலாம்.

தாழ்வாரத்துக்கும் தென்னைக்கும் அருகில் வைக்காதீர்கள். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி வையுங்கள். வானிலை அவதான நிலையங்களைப்போலக் காலை 8.30க்கு வாசித்து, 0 கோட்டுக்கு மேலுள்ள நீரைக் கொட்டிவிடுங்கள். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5000 லீற்றர். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குத்தான் பிடிக்கும். வாடைக் காற்றோடு சாய்ந்து பெய்யும் மழையை மானி குறைத்தே காட்டும். அந்த நாளுக்கு நேரே ‘காற்று’ என்று எழுதச் சொல்லுங்கள்.