இருட்டறைப் பூனையைப் பிடித்தது யார்?

கேள்வி: ‘இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடுவது தத்துவம். பூனையே இல்லாத இருட்டறையில் தேடி, பிடித்துவிட்டேன் என்று கூவுவது மதம். டார்ச் லைட்டோடு தேடுவது அறிவியல்.’ கல்லூரிப் பட்டிமன்றத்தில் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சரியான உவமைதானா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதிரணியில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இல்லாத பூனையைப் பிடித்ததாகக் கூவியவர்களில் அறிவியலாளரும் உண்டு. அதுவும் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டே.

பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேவை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடாமல் விலகிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று கொண்டு, அது நிற்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது 1846 செப்டம்பர் 23. அன்றிரவே அங்கிருந்த காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். ஒரு மாணவர் விண்மீன் வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி. நெப்டியூன்!

பிறகு லெ வெரியேவே புதன் கோளை ஆராய எடுத்துக்கொண்டார். அதன் பாதையும் கணக்கைவிட நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாகத் திரும்பிக்கொண்டிருந்தது (ஒரு பாகைக்கு 3600 விகலை). சூரியனை ஒட்டி இன்னொரு கோள் இருக்கவேண்டும் என்று 1859இல் எழுதினார். அந்த ஆண்டு மார்ச் 26 அன்று சூரியன் மேல் ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைக் கண்டதாக லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர் தெரிவித்தார். லெ வெரியே நேரில் போய் விசாரித்தார், நம்பினார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் சூட்டியாயிற்று. அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த லியே என்பவர், அப்படி ஒரு புள்ளியே வரவில்லை என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1878 முழுச் சூரிய கிரகணத்தில் அமெரிக்காவில் இருவர் பார்த்ததாக அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன இடங்கள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் (ஈர்ப்பு என்பது வெளியின் வளைவே என்னும் கோட்பாடு) அந்தக் கூடுதலை (அதற்குள் அது 43 விகலை என்று திருத்தப்பட்டிருந்தது) எந்தப் புதுக் கோளும் இல்லாமலே தந்துவிட்டது. பூனை இல்லை. அறையின் தரைதான் நாம் நினைத்ததுபோல் சமமாக இல்லை.

ஏன் இத்தனை ஆண்டு ஆயிற்று? சூரியனை ஒட்டிய இடத்தில் டார்ச் வேலை செய்யாது. கண் கூசும் அந்த ஒளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொருளைப் பார்க்க வேண்டுமானால் முழுக் கிரகணம் வேண்டும், அல்லது அது சூரியனுக்குக் குறுக்கே கடக்க வேண்டும். ஆகவே ‘தென்படவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று சொல்ல நெடுநாள் யாராலும் முடியவில்லை.

உங்கள் உவமை தத்துவத்துக்குச் செய்யும் அநியாயம் இங்கேதான் இருக்கிறது. இருட்டில் கையை நீட்டித் துழாவுவதல்ல அதன் வேலை. ‘இல்லை’ என்று சொல்ல உனக்கு எப்போது உரிமை வருகிறது என்று கேட்பதுதான். நம் நாட்டில் வேதத்துக்குப் பொருள் காணும் மீமாம்சகர்களில் குமாரில பட்டர் வழிவந்தவர்கள் இதற்கு அநுபலப்தி, அதாவது தென்படாமை, என்று தனிப் பிரமாணமே (அறிவு பெறும் வழி) வைத்தார்கள். நியாய மரபினர் ஒத்துக்கொள்ளாமல் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். எடுத்துக்கொண்ட உதாரணம் தரையில் குடம். குடம் தெரியவில்லை என்பதாலேயே குடம் இல்லை என்றாகாது. இருந்திருந்தால் தெரிந்தே தீரவேண்டிய வெளிச்சமும் பார்வையும் இருக்கவேண்டும். இருட்டில் தெரியாத குடம் எதையும் நிரூபிக்காது. லியே சொன்ன ‘இல்லை’க்கு அந்தத் தகுதி இருந்தது. அதை அன்றே எடைபோட்டிருக்க வேண்டும்.

மதத்துக்கு வருவோம். உங்கள் உவமை பொருந்தும் இடம் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள், கிறிஸ்து 1844 அக்டோபர் 22 அன்று திரும்பி வருவார் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பலர் விலகிப்போனார்கள். ஒரு சாரார் மட்டும் தேதி சரிதான், நிகழ்ச்சி நடந்தது பரலோகத்தில் என்று விளக்கம் தந்தார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அந்த வழியில் வந்தது. அதாவது பூனை டார்ச் எட்டாத அறைக்குப் போய்விட்டது. வல்கனுக்கு இப்படி ஓர் அறை கிடைக்கவில்லை. இன்ன இடத்தில், இன்ன கிரகணத்தில் தெரியவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதைக் கைவிட முடிந்தது. தவறியதில் இரண்டும் ஒன்றுதான். தவறிய பிறகு செய்ததில்தான் வித்தியாசம்.

ஆனால் மதம் முழுவதையும் பூனை வேட்டையாக்காதீர்கள். ‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்பதும் பக்தர்கள் வாயில் புழங்கும் சொல்தான். பிடித்துவிட்டேன் என்று கூவுபவனை அவர்களே சந்தேகித்திருக்கிறார்கள்.

ஆகவே மேடையில் தாராளமாகச் சொல்லுங்கள். கைதட்டல் அடங்கியதும் லெ வெரியேவின் இரண்டு பூனைகளையும் சொல்லுங்கள். லியேவின் பெயரை விட்டுவிடாதீர்கள்.