பெரிய இன்ஜின், எந்தக் கிளட்ச்?

ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடிப் பட்டறைக்கு லீவு. சேர்ந்துபோன கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கண்டனூர்க்காரர், இப்போது டெக்சாஸில்: 2018 மஸ்டாங் ஜிடி, மேனுவல். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சூப்பர்சார்ஜர் போட்டேன். நாலாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிளேட் வழுக்குகிறது, சந்தேகமே இல்லை. கம்பெனி கொடுத்த இன்ஜினே சுமார் 570 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, தரும், அதற்கு மேல் சூப்பர்சார்ஜர் ஏற்றினால் பழைய கிளட்ச் என்ன செய்யும் பாவம். முதலில் இன்ஜின் சக்தியை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றி இப்போது எவ்வளவு டார்க் என்று பாருங்கள். ஹார்ஸ்பவர் வேண்டாம், கிளட்சைச் சுழற்றுவது டார்க். அழுத்தும் விசை, உராய்வு, பிளேட்டின் விட்டம், உராயும் முகங்கள், இந்த நாலும்தான் கணக்கு. ஒற்றைப் பிளேட்டுக்கு இரண்டு முகம், இரட்டைப் பிளேட்டுக்கு நாலு. அதனால் அதே அழுத்தத்தில் இரண்டு மடங்கு தாங்கும், பெடலும் கனக்காது. தினமும் ஆபீஸ் போகிற வண்டி என்றால் சாதாரண வண்டிகளில் வருகிற ஆர்கானிக் லைனிங்கில், உங்கள் டார்க்கைத் தாங்குகிற இரட்டைப் பிளேட் போடுங்கள். கியர் பாக்ஸ் இறக்கும்போதே, பெடல் மிதித்தால் கிளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், பழசு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால் மறுபடி இறக்க வேண்டிவரும்.

அப்புறம், கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

புதுவயல் தம்பி: அண்ணே, இரட்டைப் பிளேட் வீண் செலவு. ஆறு திட்டு மட்டும் வைத்த செராமிக் பட்டன் பிளேட் போதும்.

ரேஸுக்குப் போதும். நானும் உன் வயதில் இன்ஜின் மாற்றின ஜீப்புக்குப் பட்டன் பிளேட் போட்டவன்தான். விநாயகர் சதுர்த்தியன்று குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு ஊர்ந்துகொண்டே போனேன். ஒவ்வொரு தடவை விடும்போதும் வண்டி உதறி, பின்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டு இரண்டு தடவை கவிழ்ந்தது. செராமிக்குக்கு ஒன்று பிடி, இல்லையென்றால் விடு, நடுவில் நிற்கத் தெரியாது.

மறுபடி புதுவயல் தம்பி: கெவ்லார் லைனிங்?

நிறைய நாள் உழைக்கும், நிதானமாகப் பிடிக்கும். ஆனால் ஒரு தடவை கருக விட்டால் ஆர்கானிக் மாதிரி எளிதில் பழைய நிலைக்கு வராது. புதுப் பிளேட்டைப் பழக்கவும் பொறுமை வேண்டும், 800 கிலோமீட்டராவது ஊருக்குள் நின்று நின்று ஓட்ட வேண்டும். திருச்சி ரோட்டில் ஒரே கியரில் ஓட்டினது கணக்கில் வராது, எத்தனை தடவை பிடித்து விட்டாய் என்பதுதான் கணக்கு.

மூன்றாம் தடவை: சரி, இருப்பதிலேயே பெரிய ரேட்டிங்காக வாங்கிவிட்டால்?

தம்பி, அப்போது கிளட்ச் வழுக்காது, சரி. நல்ல டயரும் போட்டு டக்கென்று விட்டால் அந்த அடியை யார் வாங்குவது? கியர் பாக்ஸ், ஆக்சில். தேவைக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் போதும்.

தேவகோட்டை: இங்கே விற்ற மஸ்டாங்குக்கு எது?

2016இல் இந்தியாவுக்கு வந்த ஜிடி ஆட்டோமேட்டிக் மட்டும். கிளட்ச் பெடலே கிடையாது.

புதுக்கோட்டை: பெடல் தொளதொள என்று கீழே போகிறது, கியர் விழவில்லை.

பிளேட்டைத் தொடாதீர்கள். ஆயில் கசிகிறதா, காற்று புகுந்ததா, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் பாருங்கள்.

இன்னும் நாலு பேர்: எந்த பிராண்ட்?

முதல் பதிலைப் படியுங்கள். டார்க் எவ்வளவு, எங்கே ஓட்டுகிறீர்கள், இரண்டும் எழுதாமல் கேட்டால் பதில் கிடையாது.

கானாடுகாத்தான்: நான் பெடல் மேல் கால் வைப்பதே இல்லை, ஆனாலும் பிளேட் தேய்கிறது.

சிக்னலில் முதல் கியர் போட்டு, பெடலைப் பாதி விட்டபடியே நிற்கிறீர்களா? அதுவும் கால் வைப்பதுதான். மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்குவதை விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடியுங்கள்.