சிஆர்பி 4.2, பிறகு 38: நோய் முற்றுகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. ஐந்து நாளாகக் காய்ச்சல், இருமல். இன்ஃப்ளூயன்சா என்று உறுதியாகிவிட்டது. செங்கோட்டையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி 4.2. இரண்டு நாள் கழித்து, புனலூரில் அண்ணன் வீட்டில் இருக்கும்போது எடுத்ததில் 38. வெள்ளணுக்கள் 6,200, லிம்போசைட் 14 சதவீதம், டி-டைமர் 620. ஒன்பது மடங்கு ஏறிவிட்டதே, ஆபத்தா?
- வாசகி, செங்கோட்டை

பதில்: சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். சில லேப்களில் சிஆர்பியை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள், சிலவற்றில் லிட்டருக்கு. இயல்பு அளவு 0.5 அல்லது 1 வரை என்று அச்சிட்டிருந்தால் அது டெசிலிட்டர் கணக்கு; 5 அல்லது 10 வரை என்றால் லிட்டர். செங்கோட்டை ரிப்போர்ட் டெசிலிட்டர் கணக்காக இருந்தால் 4.2 என்பது 42. அப்போது 42 தான் 38 ஆகியிருக்கிறது.

அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. அழற்சி அடங்கிவிட்டால் சிஆர்பி ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரண்டு நாளில் நான்கு மட்டும் இறங்கியிருந்தால் உள்ளே அழற்சி இன்னும் நடக்கிறது என்று பொருள். இரண்டு ரிப்போர்ட்டுமே லிட்டர் கணக்கு என்றால் ஏற்றம் உண்மை. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்குக் கவலை தருவது லிம்போசைட் என்ற வெள்ளணு வகைதான். 6,200இல் 14 சதவீதம் என்றால் 868. ஆயிரத்துக்குக் கீழே போவதை, வயதானவர்களின் வைரஸ் காய்ச்சலில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் காய்ச்சலுக்கு டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் இது குறையும், சர்க்கரையும் ஏறும். அப்படிப் போட்டார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமர் வயதோடு தானே ஏறும். நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்கும்போது, 50 வயது தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்வோம்: இவருக்கு 670. அது எஃப்இயூ என்ற அலகுக்கு; அப்படியானால் 620 வரம்புக்குள்தான். ரிப்போர்ட்டில் டிடியூ என்ற இன்னொரு அலகு இருந்தால் 620 என்பது எஃப்இயூவில் ஏறத்தாழ 1,240, வரம்புக்கு மேலே.

ஒரு எண்ணை மட்டும் வைத்து நோய் எப்படிப் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்காக 2020இல் வந்த, இறப்பு அபாயத்தைக் கணிக்கும் 4சி மதிப்பெண்ணில் எட்டுக் கூறுகள். அவற்றில் ரத்தத்திலிருந்து வருபவை யூரியாவும் சிஆர்பியும் மட்டும். வயதுக்கு 7 வரை கொடுக்கிறார்கள், சிஆர்பிக்கு அதிகபட்சம் 2.

ஆகவே மூச்சை எண்ணுங்கள். அவர் அசையாமல் இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், முழு ஒரு நிமிடம். 24ஐத் தொட்டாலோ, கைவிரலைச் சூடாக்கி வைத்துப் பார்த்தும் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, பேச்சு குழறினாலோ உடனே சேர்க்க வேண்டும். அந்த நிலையில் ஆரியங்காவு மலைப்பாதை வழியே ஊருக்குக் கூட்டி வர நினைக்காதீர்கள். புனலூர் தாலுகா மருத்துவமனைதான் பக்கம்.

ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஓசல்டாமிவிர் இன்னும் தொடங்கவில்லையென்றால் இன்றே டாக்டரிடம் கேளுங்கள். முதல் 48 மணி நேரத்தில் தொடங்குவதே சிறப்பு. இவரைப் போல ஆபத்து கூடியவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பதுண்டு. அடுத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். மறுபரிசோதனை 48 மணி நேரம் கழித்து, அதே புனலூர் லேபில், முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் சிஆர்பியும் போதும். ஃபெரிட்டின், ஐஎல்-6 போன்ற அழற்சிச் சோதனைகள் சேர்ந்த பெரிய பேக்கேஜுக்கு இப்போது செலவழிக்க வேண்டாம்.