காக்கா ஆழியும் ஓர் உயிர்தானே?

அன்புள்ள சார்,

எட்டாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' பற்றி புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். புலி, யானை, மேற்குத் தொடர்ச்சி மலை என்று படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், "நம்ம ஏரியாவுல ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று கேட்டாள். நாங்கள் இருப்பது திருவொற்றியூர். கன்டெய்னர் லாரியையும் புகைபோக்கியையும் தவிர எதைக் காட்டுவது?

அப்புறம் இன்னொன்று. எண்ணூர் ஆற்றில் காக்கா ஆழி என்கிற சிப்பி பரவி மீனவர்களைப் படுத்துகிறது, அதை அகற்ற வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். புதிதாக ஓர் உயிர் வந்தால் பட்டியலில் ஒன்று கூடத்தானே செய்யும்? அதுவும் ஓர் உயிர்தானே? கிண்டலாகக் கேட்கவில்லை. என் அம்மா எண்ணூரில் பிறந்தவர், மஞ்ச மட்டி பற்றி இன்றைக்கும் பேசுவார். அவருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஆர்., திருவொற்றியூர்
(பெயரைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்.)

*

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நியாயமான கேள்வி. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

பாதிக் குழப்பம் அந்த வார்த்தையால் வருகிறது. 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று பாடநூலில் போட்டுவிட்டார்கள். 'பெருக்கம்' என்று கேட்டதும் எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும். கொசுப் பெருக்கம், மக்கள்தொகைப் பெருக்கம் மாதிரி. ஆனால் அந்தச் சொல்லில் உயிர் இருப்பது முன்னால் நிற்கும் 'பல்' என்பதில், அதாவது 'பல வகை' என்பதில். காக்கா ஆழி நம் ஆற்றில் வந்து செய்தது அசல் பெருக்கம். அது பெருகப் பெருக 'பல்' காணாமல் போனது. அதனால்தான் நான் 'பல்லுயிரியம்' என்றே எழுதுகிறேன். பிழைதிருத்துபவர் மாற்றினாலும் திரும்ப மாற்றிவிடுவேன்.

போன மாதம் எண்ணூர் ஆற்றோரம் காட்டுக்குப்பம் பக்கம் போயிருந்தேன். தண்ணீர் வற்றிய நேரம். ஒரு பெரியவர் முழங்கால் ஆழத்தில் இறங்கி, தரையிலிருந்து எதையோ இரண்டு கையாலும் உரித்தெடுத்தார். நிஜமாகவே உரிப்பதுதான். கால்மிதி போல ஒரு கண்டம் பெயர்ந்து வந்தது. கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவான கறுத்த சிப்பிகள் நூற்றுக்கணக்கில், தேங்காய் நார் போன்ற இழைகளால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. அந்த இழையை அதுவே சுரக்கிறது. பாறையோ மரமோ கிடைத்தால் அதில் ஒட்டும், கிடைக்காவிட்டால் பக்கத்துச் சிப்பியையே பற்றிக்கொள்ளும். பெரியவர் கண்டத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் தார் மாதிரி சேறு, அழுகிய முட்டை வாடை. "கீழ காத்தே போவல சார். பாய் போட்டு மூடுனா மாரி மூடிக்கிச்சு. எறா எங்க பொதையும்?" என்றார்.

அவர் கேட்டதை அறிவியல் எழுதுபவர்கள் நான்கு பக்கத்தில் எழுதுவார்கள். பல வகை இறால்கள் கடலில் முட்டையிடும். குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வரும். சேற்றில் சில மாதம் வளர்ந்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பகலில் சேற்றில் புதைந்து கிடந்து இரவில் மேய்வது அவற்றில் பலவற்றின் பழக்கம். பழவேற்காட்டுப் பக்கம் இருளர் பெண்கள் பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பது இந்தப் பழக்கத்தை நம்பித்தான். தரையைக் காக்கா ஆழி மூடிவிட்டால் இறாலுக்குப் புதைய இடமில்லை, துழாவும் கைக்கு இறால் இல்லை, ஓடு கிழித்த காயம்தான் மிச்சம். சேற்றுக்குள் வாழும் மஞ்ச மட்டிக்கு இன்னும் மோசம். அது சேற்றுக்கு மேலே குழாயை நீட்டித்தான் தண்ணீரை உறிஞ்சும், அதிலிருந்துதான் மூச்சும் சாப்பாடும். மேலே கூரை போட்டால் உள்ளேயே செத்துப்போகும்.

ஆக, பட்டியலில் ஒன்று கூடியது என்பது உண்மை. மட்டி, இறால், சேற்றுப் புழு, அதைத் தின்ன வந்த மீன், மீனுக்கு வந்த பறவை என்று அடுத்தடுத்த வரிகளை அந்த ஒன்று அடித்துக்கொண்டே போகிறது. வருஷக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

இதில் வெளியூர்க்காரன் என்ற கோபம் எனக்கு இல்லை. காக்கா ஆழியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகள். மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான், அது இல்லாமல் உங்கள் அம்மா மட்டிக் குழம்பு வைத்திருக்க முடியாது. மிளகாய் வந்தது, நம் பாத்தியில் உட்கார்ந்தது, கத்தரிக்காயை விரட்டவில்லை. காக்கா ஆழி அப்படி அடங்கி உட்காரவில்லை. அதன் ஊரில் அதைத் தின்னவும் ஒட்டுண்ணியாய் அரிக்கவும் ஆள் இருக்கிறது. இங்கே அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு எதுவும் இன்னும் பழகவில்லை. உப்பு கூடினாலும் குறைந்தாலும், பிராணவாயு குறைந்தாலும் தாக்குப்பிடிக்கிறது. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், கேரளத்துக் காயல்கள் என்று பல இடங்களில் இதே கதை. கப்பல்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. சரக்கில்லாத கப்பல் ஆடாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் வயிறு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். இன்னொரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டும். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள். இதைக் கட்டுப்படுத்த 2004-இல் ஓர் உலக ஒப்பந்தம் போட்டார்கள், அமலுக்கு வர 2017 ஆனது. ஆழி அதுவரை காத்திருக்கவில்லை.

சரி, பல இருந்தால்தான் என்ன? ஒரே வகை நன்றாக விளைந்தால் போதாதா?

காசிமேட்டுக்கு விடியற்காலை போயிருப்பீர்கள். ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் விடுபவர், வலை பின்னுபவர், மீன் வெட்டித் தரும் அக்கா, அந்தக் கழிவை வாங்கிப்போகிறவர். எல்லோரையும் அனுப்பிவிட்டு ஏலம் விடுகிறவர்களாகவே ஐந்நூறு பேரை நிறுத்துங்கள். ஆள் குறையவில்லை, ஆனால் ஒரு கூடை மீன் நகராது. சேற்றிலும் அப்படித்தான். குட்டை அலகு உப்புக்கொத்தி சேற்றின் மேல்தோலில் பொறுக்கும். உள்ளான் கொஞ்சம் உள்ளே குத்தும். குதிரைமலைக் கோட்டான் வளைந்த நீள அலகை ஆழத்தில் விட்டுப் புழுவை இழுக்கும். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டும். ஒரே சேறு, சண்டையில்லை. நத்தையும் புழுவும் கிளறிக் கிளறிக் காற்று உள்ளே போகும். இலைதழை மட்கி உணவாகும். இவ்வளவும் நடப்பதால்தான் அங்கே இறால் குஞ்சு வளர்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எண்ணூர் ஆறு ஒரே மாதிரி இருக்கிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் இறங்கினால் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். கோடையில் முகத்துவாரத்தை மண் மூடினால் கடலைவிட உப்பேறும். எந்த ஒரு மீனும் எல்லா மாதமும் சமாளிக்காது. மடவை தாங்குவதை வேறொன்று தாங்காது. ஒன்று கடலுக்கு ஒதுங்கும்போது இன்னொன்று உள்ளே ஏறும். ஊடான், கிழங்கான், கொடுவா, நண்டு, இறால் என்று பல இருப்பதால்தான், வலையை மாற்றிப் போட்டு வருஷம் முழுக்க அடுப்பு எரிகிறது. ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சினால் அவை ஒதுங்கும் மாதத்தில் கந்துவட்டிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் இறங்கியதே, கூழைக்கடாவின் வெள்ளை இறகெல்லாம் கறுத்துப்போனதே, நினைவிருக்கும். அப்படி ஓர் அடி விழுந்தபின் ஆறு தேறி வருவதும் பலவகை உயிர் மிச்சம் இருந்தால்தான்.

பல என்பது ஓர் இனத்துக்குள்ளேயும் உண்டு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் ஆசியாவின் நெல் வயல்களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு குட்டை நோய் வந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில் மட்டும் எதிர்ப்புத் திறன் இருந்தது. 1976-இல் வந்த ஐஆர் 36 ரகத்துக்குள் அதைக் கலந்தார்கள். யாரும் விதைத்து வளர்க்காத நெல் அது. களை என்று பிடுங்கிப்போட்டிருந்தால் கேட்க ஆளில்லை.

இனி உங்கள் மகளின் கேள்வி. திருவொற்றியூரில் ஒன்றும் இல்லையாமா? எண்ணூர் பக்கம் ஆற்றோரத்தில் அலையாத்தி மரம் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல் நூற்றுக்கணக்கில் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவை வேர், மூச்சுவிட மேலே வந்தவை. சேற்றுக்குள் காற்று போதாது. எண்ணெய் படிந்தபோது மரம் திணறியது இதனால்தான், மூக்கைப் பொத்தினது போல. ஓர் இலையைப் பறித்து அவளை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரிக்கும். வேர் வழியே ஏறும் உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிற மரம். (எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் நக்க வேண்டாம், அம்மாவிடம் நான் திட்டு வாங்க முடியாது.)

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை. புலிப் படத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பாட்டியை உட்காரவைத்து அந்தக் காலத்தில் ஆற்றில் கிடைத்த மீன், மட்டி, நண்டுப் பெயர்களை எல்லாம் எழுதட்டும். பிறகு மீன் மார்க்கெட்டில் வெட்டித் தரும் அக்காவிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, எது இப்போதும் வருகிறது, எது பேர் மட்டும்தான் என்று கேட்டுக் குறிக்கட்டும். இது விளையாட்டு வேலை இல்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், ஊர்க்காரர்களைக் கேட்டு 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஆணையம் இதே சென்னையில், தரமணியில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பெண் எழுதப்போவது அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம்.

பாட்டியின் பட்டியலை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மட்டிக்கு மட்டும் எத்தனை பெயர் சொல்கிறார் என்று பார்க்க ஆசை. ஆற்றுப் பக்கம் போவதாக இருந்தால், நீர் வற்றும் நேரத்தை அங்குள்ளவர்களிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணைப் பழைய ஷூ போட்டுவரச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம். சேறு இழுத்துக்கொள்ளும், ஆழி ஓடு பாதத்தைக் கிழிக்கும். எனக்கு இடது குதிகாலில் இன்னும் ஆறவில்லை.