தாந்த்ரகாஸ்தோ: கேளுங்கள், சொல்கிறேன்

புதுவைவாசி: 1746இல் சென்னையைப் பிடித்த மொரிஷியஸ் ஆளுநர் இவர்தானே?

இல்லை, அவர் லா பூர்தொனே. அப்போது தாந்த்ரகாஸ்தோவுக்கு எட்டு வயது. இவரும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிதான், ஆனால் அங்கே ஆளுநராக இருந்தது 1787 முதல் 1789 வரை.

அலைகடல்: லா பெரூஸைத் தேடிப் போன கதையைச் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை விட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் இரு கப்பல்களும் திரும்பவே இல்லை. 1791 செப்டம்பர் கடைசியில் ரெஷெர்ஷ், எஸ்பெரான்ஸ் என்ற கப்பல்களோடு இவர் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். கேப் டவுனில் ஒரு வதந்தி: நியூ கினிக்கு வடக்கே உள்ள அட்மிரால்டி தீவுகளில் பிரெஞ்சுக் கடற்படை உடுப்போடு ஆட்களை ஹன்டர் என்ற ஆங்கிலேயக் கேப்டன் பார்த்தாராம். ஹன்டரோ அப்படி எதுவும் இல்லை என்று மறுத்திருந்தார். இருந்தும் அங்கே போய்த் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவில் டாஸ்மானியாவின் தென்கரையை அளந்து, கூடப் போன வரைபடக் கலைஞர் போத்தாம்-போப்ரே வரைந்த கடல் வரைபடங்கள், என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தின் பெரிய சம்பாத்தியம்.

1793 மே மாதம் நியூ கலிடோனியாவில் எஸ்பெரான்ஸின் கேப்டன் கெர்மாதெக் இறந்தார். அதே மாதம் தூரத்தில் ஒரு தீவு தெரிந்தது. தாந்த்ரகாஸ்தோ அதற்குத் தன் கப்பலான ரெஷெர்ஷின் பெயரை வைத்துவிட்டுத் தாண்டிப் போனார். அது வனிகோரோ. லா பெரூஸின் கப்பல்கள் உடைந்தது அங்கேதான்! ஜூலையில் நியூ கினிக்கு வடக்கே இவரும் கடலிலேயே இறந்தார், ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயால்.

கடல்பித்தன்: இறங்கிப் பார்க்காதது அலட்சியம் இல்லையா?

இல்லை. இன்றைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய மாலுமியைத் திட்டாதீர்கள்.

கடல்பித்தன்: தேடத்தானே அனுப்பினார்கள்? உயிரோடு யாராவது இருந்திருந்தால்?

இருந்திருக்கலாம்தான். 1827இல் பீட்டர் டில்லன் என்ற வணிகக் கப்பல் கேப்டன் அங்கே போனபோது, தப்பியவர்கள் சிறு படகு கட்டிப் போனார்கள், இருவர் மட்டும் தங்கினார்கள் என்று தீவு மக்கள் சொன்னார்கள். ஆனால் கண்ணில் பட்ட தீவிலெல்லாம் இறங்கினால் பசிபிக்கை முடிக்க ஒரு ஆயுள் போதுமா? பவளப்பாறை சூழ்ந்த கரை வேறு. மறுபடியும் சொல்கிறேன், வரைபடத்தை மூடிவிட்டு யோசியுங்கள்.

அலைகடல்: கடல்பித்தன் பக்கம்தான் நானும். ஒரு படகையாவது அனுப்பியிருக்கலாம்.

இரண்டு பேருமா? சரி, புகையோ கொடியோ தெரிந்து தாண்டிப் போயிருந்தால் நானும் உங்கள் கட்சி. அப்படி எதுவும் தெரியவில்லை.

தீவுப்பிரியை: புரூனி தீவு இவர் பெயரா?

ஆமாம், டாஸ்மானியாவை ஒட்டிய தீவு அது; புரூனி என்பது இவர் குடும்பப் பெயர். ஆனால் இவர் வருமுன்பே குக் அங்கே நங்கூரமிட்டிருக்கிறார். அதற்கும் வெகுகாலம் முன்பே நுவெனோன் என்ற பழங்குடி மக்களின் ஊர் அது.

காரைநண்பன்: சென்னையைப் பிடித்தவர்...

முதல் கேள்வியைப் பாருங்கள், ஐயா.