டர்போ போச்சா, ஹோஸ் போச்சா?

கேள்வி: ஐயா, ஆறு வருடம் ஓடிய 2.5 லிட்டர் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவது வழக்கம். போன வாரம் பர்லியார் தாண்டி ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு இழுவையே இல்லை. பின்னால் ஒரே கரும்புகை. ஆக்சிலேட்டரை மிதித்தால் 'உஸ்ஸ்' என்று காற்று போகிற சத்தம். ஆயில் அளவு குறையவில்லை. பட்டறையில் பானெட்டைத் திறந்து பார்த்ததுமே, "டர்போ போச்சு, புதுசு போடணும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள், தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு முதல் சந்தேகம் டர்போ மேல் வரவில்லை, அதிலிருந்து இன்டர்கூலருக்கும் (சூடான காற்றைக் குளிர வைக்கிற, ரேடியேட்டர் மாதிரியான பாகம்) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ் மேல்தான் வருகிறது.

இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அமுக்கி அனுப்புவதுதான் டர்போவின் வேலை. அந்தக் காற்று இந்த ஹோஸ் வழியாகத்தான் போகிறது. லோடோடு மலை ஏறும்போது உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பழைய ரப்பர் அந்த நேரத்தில்தான் பிளக்கும், இல்லையென்றால் கிளிப்பிலிருந்து கழன்று வரும். காற்று வெளியே போய்விடும், டீசல் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அது எரியக் காற்றுப் போதாததால் கரும்புகை. டர்போவின் சீல் போயிருந்தால் புகை நீலமாக வந்திருக்கும், ஆயிலும் குறைந்திருக்கும். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை போகும், ஆனால் இப்படிக் கரும்புகை தள்ளாது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஆயில் கசிந்து அதில் தூசி அப்பியிருக்கும் இடம்தான் வெடிப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அழுத்தம் இருக்கும்போது மட்டும் வாய் திறக்கிற வெடிப்பு நிறைய உண்டு. ஹோஸை முறுக்கிப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால், ஹோஸின் முனைகளை அடைத்து, 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். இன்டர்கூலரையும் அதே மாதிரி பார்க்கலாம்.

ஹோஸ் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டர்போவிடம் போங்கள். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் டர்போவுக்குள் சுழலும் விசிறிச் சக்கரத்தின் முனை தெரியும். விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், அது ஆயில் படலத்தில் மிதக்கிற தண்டு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் அது முடிந்துபோனது. குழாய்க்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதும் சகஜம்தான். குளம் மாதிரி தேங்கியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்த ஆயிலைக் குடித்து இன்ஜின் தானாக எகிற ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. ஓடும்போது அப்படி ஆகிவிட்டால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும்.

வண்டியின் சென்சார் அளவுகளைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டுபவர்களுக்கு இன்னொன்று. குன்னூரில் வைத்துப் பார்த்தால் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) காற்றழுத்தம் 80 கிலோ பாஸ்கல் பக்கம்தான் காட்டும். 1,850 மீட்டர் உயரத்தில் காற்றே அவ்வளவுதான். அதைப் பார்த்து சென்சார் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பதினைந்து வருடம் முன்பு தக்காளி ஏற்றுகிற ஒரு வண்டிக்கு டர்போ மாற்றிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அதே வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். புது டர்போ சிக்கிப்போயிருந்தது. ஆயில் கொண்டுவரும் சின்னக் குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன், காற்றே போகவில்லை. உள்ளே முழுக்கக் கரி. பழைய டர்போவைத் தின்றதும் அதுதான். முதல் நாளே அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அடுத்த டர்போவை என் பணத்தில் போட்டேன், ஆனால் அந்த ஓட்டுநருக்கு ஒரு வாரப் பிழைப்பு போனது போனதுதான். உங்கள் வண்டிக்கு டர்போவே மாற்ற வேண்டி வந்தாலும், ஆயில் வரும் குழாய், திரும்பிப் போகும் குழாய் இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: மலை ஏறி முடித்த உடனே இன்ஜினை அணைக்கக் கூடாது என்பது உண்மையா?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: உண்மைதான் அம்மா. மேலே சொன்ன கரி பெரும்பாலும் அப்படித்தான் சேர்கிறது. இன்ஜின் நின்றதும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போவோ கொதிக்கிற சூட்டில் இருக்கும், உள்ளே தங்கிய ஆயில் அங்கேயே கருகும். ஏறி வந்ததும் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.